சிங்கப்பூரிலிருந்து வந்த டேங்க், சிலிண்டர்: 2021 கொரோனா இரண்டாம் அலை அனுபவங்களைப் பகிருங்கள்

இரும்பாலை_ரோடு:
"சிங்கப்பூர் ஆக்சிஜன் அனுப்பி நம்மளைக் காப்பாத்துச்சு"ன்னு இன்னமும் டீக்கடையில பேச்சு. ஏப்ரல் 24 அன்னிக்கு சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நம்ம விமானப்படை மேற்கு வங்கப் பனாகர்ல கொண்டுவந்து இறக்கினது நாலு காலி டேங்க். காலி! அந்தப் படம்தான் மனசுல நிக்குது. ஆக்சிஜன் கிழக்கே ஸ்டீல் ஆலைகள்ல இருந்துச்சு. மைனஸ் 183 டிகிரி திரவத்தைச் சுமக்கிற இரட்டைச் சுவர் டேங்க்தான் பத்தலை. நிரப்பின டேங்கை விமானத்துல ஏத்த முடியாது. உள்ள ஆவியாகிட்டே இருக்கும், அழுத்தம் ஏறினா சேஃப்டி வால்வு திறந்து வெளிய விடும், மூடின இடத்துல அதுக்கப்புறம் தீ பிடிக்க ஒரு பொறி போதும். அதனால காலியா போறது ஆகாயம், நிரம்பித் திரும்பறது ரயிலும் ரோடும். சேலத்துல மே மாசம் இரும்பாலை வளாகத்துல 500 படுக்கை போட்டப்ப லாரிக்குக் காத்திருக்கவே இல்லை, ஆலை ஆக்சிஜனையே குழாய்ல இழுத்துட்டாங்க.

அஸ்தம்பட்டி_72:
டேங்க் மட்டும்னு சுருக்காதீங்க சார். ஏப்ரல் 28ல சிங்கப்பூர் விமானப்படையோட ரெண்டு சி-130 சரக்கு விமானத்துல 256 ஆக்சிஜன் சிலிண்டர் மேற்கு வங்கத்துக்கு வந்துச்சு.

இரும்பாலை_ரோடு:
வந்துச்சு, மறுக்கலை. கணக்கு போடுங்க. நம்ம ஊர் டி டைப், அதாவது பெரிய சிலிண்டர் அளவுன்னே வெச்சுக்கலாம், ஒண்ணுல 7,000 லிட்டர். ஒரு ஆளுக்கு நிமிஷத்துக்கு 5 லிட்டர் ஓடினா 23 மணி நேரம். 500 பேர் வார்டுக்கு 256 சிலிண்டர் அரை நாள் கூட வராது. திரும்பத் திரும்ப நிரப்பினாத்தான் அதுக்கு மதிப்பு. டேங்கும் அப்படித்தான். சின்ன நாடு, சொந்தமா ஆக்சிஜன் கொட்டிக் குடுக்க முடியாது. துறைமுகமும் விமான நிலையமும் வெச்சிருக்கிற ஊர், பாத்திரம் குடுத்துச்சு. அதைச் சொன்னா ஏன் கோவம்?

நாகலூர்_மிளகு:
ஏற்காட்டுல சிலிண்டரை விட, சுத்தி இருக்கிற காத்துலருந்தே ஆக்சிஜன் பிரிச்சுக் குடுக்கிற கான்சன்ட்ரேட்டர் மெஷின்தான் ஓடுச்சு. ஒரு வீட்டுல மெஷின் உறுமுது, மீட்டர்ல 5 லிட்டர் காட்டுது, அந்தம்மாவுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 86க்கு மேல ஏறவே இல்லை. ஆக்சிஜனை ஈரமாக்கற தண்ணி பாட்டில்ல ஒரு குமிழி கூட வரலை. பாட்டில் மெஷினோட சேர்ற இடத்துல மரை கோணலா ஏறியிருந்துச்சு, காத்து பூரா அங்கேயே போயிடுச்சு. மீட்டர் அதுக்கு முன்னாடி இருக்கிறதால கசிவு தெரியாது. கழட்டி நேரா முடுக்கினதும் குமிழி. இதைப் பத்தி ஒரு போஸ்டர்லயும் இல்லை.

பழைய_பயோமெட்:
யாரும் கேக்கலை, இருந்தாலும் எழுதறேன். அன்னிக்கு வாங்கின கான்சன்ட்ரேட்டரும் தானமா வந்ததும் இப்ப எத்தனையோ ஸ்டோர் ரூம்ல தூங்குது. காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஆக்சிஜனை விடறது உள்ள இருக்கிற ஜியோலைட்ங்கிற தாதுத் துகள், அது ஈரம் குடிச்சா நைட்ரஜனைப் பிடிக்காது. ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குக் கேக்கவே வேணாம். அதனால மாசம் ஒரு தடவையாவது ஓட விடுங்க, அரை மணி நேரம் கழிச்சு, ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு அளக்கிற அனலைசர் வெச்சுப் பாருங்க. 93க்குப் பக்கத்துல நிக்கணும், 82க்குக் கீழ போனா பல மாடல்ல எச்சரிக்கை விளக்கு எரியும். உயரத்தைப் பத்திப் பயம் வேணாம், 1,500 மீட்டர்தானே, பெரும்பாலான மெஷின் 2,000 தாண்டியும் தாங்கும். மெஷினைக் கொல்றது வோல்டேஜ் ஏத்த இறக்கம். 5 லிட்டர் மெஷின் 350 வாட்டோ அதுக்கு மேலயோ இழுக்கும், ஸ்டெபிலைசர் கட்டாயம். ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒரு தடவை அலசி நல்லாக் காஞ்சப்புறம் போடுங்க, ஈரத்தோட போட்டா அந்த ஈரம் நேரா உள்ளதான் போகும். செவுத்துல இருந்து ஒரு அடியாவது தள்ளி வைங்க, திரைச்சீலை பக்கம் வேணாம். பாட்டிலுக்கு டிஸ்டில்டு வாட்டர், இல்லேன்னா கொதிக்க வெச்சு ஆறின தண்ணி, தினமும் மாத்தணும்.

சிலிண்டர்னா இன்னொண்ணு. தேங்காய் எண்ணெய் தடவின கையோட ரெகுலேட்டரைத் தொடாதீங்க, மரையில கிரீஸ் வைக்கவே கூடாது. வால்வை மெதுவாத் திறங்க, படக்குன்னு திறந்தா அழுத்தத்துல சூடேறி எண்ணெய் பத்திக்கும்.

அஸ்தம்பட்டி_72:
பேச்சு சிங்கப்பூர்ல ஆரம்பிச்சு தேங்காய் எண்ணெய்க்கு வந்துடுச்சு. சரி, அனலைசர் சேலத்துல வாடகைக்குக் கிடைக்குமா?