மறு: எதிர்ப்புறைவா, தற்காப்புறைவா?

வணக்கம்.

தொற்று வந்ததும் கிருமியை மடக்கிப் பிடிக்க உடலே நுண்குழாய்களில் இரத்தத்தை உறைய வைக்கிறதே, அந்த இம்யூனோத்ராம்போசிஸுக்குத் தமிழில் "எதிர்ப்புறைவு" என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனை வேண்டாம் என்பது என் கருத்து. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்துகளை ஏற்கெனவே "உறைவெதிர்ப்பி" என்கிறோம். ஒன்று உடலில் நடப்பது, மற்றது அதைத் தடுக்கக் கொடுப்பது, ஆனால் சொல்லில் மட்டும் முன்பாதி பின்பாதி இடம் மாறியிருக்கிறது. அவசரத்தில் படிக்கிறவர் மாற்றிப் படித்தால் பொருளே தலைகீழ். மருத்துவச் சொல்லில் இந்த ஆபத்து கூடவே கூடாது.

"தற்காப்புறைவு" என்று வைக்கலாமே. 2013இல் எங்கெல்மான், மாஸ்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அழுத்திச் சொன்னதும் இந்தத் தற்காப்பைத்தான். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் தம் டிஎன்ஏவையே வலையாக வீசுகின்றன, அதில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டுகின்றன, ஃபைப்ரின் என்னும் உறைவுப் புரதம் இழை பின்னுகிறது, கிருமி சிக்குகிறது. அளவோடு நின்றால் அது காவல். கடுமையான கோவிட்டில் நுரையீரலின் நுண்குழாய்களையே அடைத்தது அளவு மீறிய நிலை, அதை "மிகைத் தற்காப்புறைவு" என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

அப்புறம், "உறைவுச் சிக்கல்" என்று பொதுவாக எழுதுவதையும் விட்டுவிடுவோம். டெங்குவில் தட்டணு குறைந்து இரத்தம் கசிவதும் உறைவுச் சிக்கல்தான், கோவிட்டில் காலின் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி உண்டாவதும் உறைவுச் சிக்கல்தான். முன்னதில் ஹெப்பாரின் கொடுத்தால் கசிவு இன்னும் மோசமாகும், பின்னதில் அதுவே மருந்து. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் எப்படி?

டி-டைமர் என்னும் இரத்தச் சோதனைக்கு "உறைவுகாட்டி" என்று முன்மொழிந்திருந்ததும் சரியில்லை. அது அளப்பது ஃபைப்ரின் சிதைந்து வரும் துணுக்கை. கர்ப்பத்திலும் அறுவைக்குப் பிறகும் ஏறும், ஏன், கட்டியே இல்லாமல் வெறும் தொற்றிலும் ஏறும். சந்தேகம் குறைவாக உள்ளவரிடம் அளவும் குறைவாக இருந்தால் கட்டி இல்லை என்று ஒதுக்க உதவும், அவ்வளவுதான். கூடியிருந்தால் காலுக்கு டாப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்கு சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். "உறைவுகாட்டி" என்று பெயர் வைத்தால், எண் ஏறியதைப் பார்த்ததுமே கட்டி இருக்கிறது என்று நோயாளி பதறிப்போவார். டி-டைமர் என்றே இருக்கட்டும்.

ஒரு தயக்கம் மட்டும் உண்டு. சேர்த்து எழுதினால் யாராவது "தற்காப்பு உறை" என்று கவசமாகப் பிரித்துப் படிப்பார்களோ? "தற்காப்பு உறைவு" என்று இடம்விட்டு எழுதுவது மேலா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.