புதுப்பிப்பு: அப்பாவின் உயிலுக்கு வழக்கறிஞர் கிடைத்துவிட்டார்

அப்பாவின் உயிலுக்குப் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்க எப்படிப்பட்ட வழக்கறிஞரைத் தேடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். மூவரைச் சந்தித்தேன். முதலாமவர் உயிலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "எல்லாம் முடித்துவிடலாம்" என்றார், எழுந்து வந்துவிட்டேன். இரண்டாமவர் நல்ல மனிதர்தான், ஆனால் கையாள்வது பெரும்பாலும் விவாகரத்து வழக்குகள். மூன்றாமவரின் முதல் கேள்வியே, "அசல் உயில் யாரிடம் இருக்கிறது? சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா?" என்பதுதான். சாட்சிகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்றும் பார்த்தார்; இருந்தால் சிக்கலாம். தன் கட்டணத்தையும் நீதிமன்றச் செலவையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். அவரையே அமர்த்திவிட்டேன்.

கையோடு அம்மாவையும் உயில் எழுதச் சொல்கிறார். "என்னை அனுப்ப அவ்வளவு அவசரமா?" என்கிறாள் அம்மா. பேச்சுவார்த்தை நடக்கிறது.