பரங்கிமலை – பல்லாவரம் கண்டோன்மென்ட்: மாநகராட்சியோடு இணைவதா, போர்டாகவே நீடிப்பதா?

மலையடிவாசி:
எங்கள் ஊர் கண்டோன்மென்ட், அதாவது மாநகராட்சிக்குப் பதிலாகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள போர்டு நிர்வகிக்கும் படைநிலையப் பகுதி. அதன் குடியிருப்புப் பகுதிகளைப் பக்கத்து மாநகராட்சியோடு இணைக்கக் கோரும் மனுவுக்குக் கையெழுத்து திரட்டுகிறோம். 2022 பிப்ரவரியில், சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள் போர்டு தேர்தலில் கடைசியாக வாக்களித்தது 2015இல். அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் நீட்டிப்புகளோடு 2021 பிப்ரவரியில் முடிந்தது. 2023 ஏப்ரல் 30 என்று தேர்தல் தேதி அறிவித்தார்கள்; மார்ச் மாதத்திலேயே அதையும் ரத்து செய்தார்கள். இப்போது போர்டு என்பது படை அதிகாரியான தலைவர், முதன்மைச் செயல் அலுவலர், நியமிக்கப்பட்ட ஒரே ஒரு பொதுமக்கள் பிரதிநிதி, அவ்வளவுதான். வரி மட்டும் நாங்கள் கட்ட வேண்டும்.

முன்னாள் படைவீரர்:
ஐயா, தேர்தல் நடக்காதது குறைதான், மறுக்கவில்லை. அதற்கு மருந்து இணைப்பு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி, தன் பழைய பகுதிகளுக்கே இன்னும் குழாயும் கால்வாயும் போட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே சில ஆயிரம் குடும்பங்களுக்கென்று ஓர் அலுவலகம், மருத்துவமனை, பள்ளிகள் இருக்கின்றன. பெரிய மாநகராட்சியின் ஓரத்தில் ஒரு வார்டாகச் சுருங்கிய பிறகு இந்த அளவு கவனிப்பு கிடைக்குமா? மேலும், ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியை ஒட்டிய நிலத்தில் எத்தனை மாடி எழும்பலாம் என்பதைப் பாதுகாப்பு அறிந்தவர்கள் முடிவு செய்வதில் தவறில்லை.

மலையடிவாசி:
சிறு வயதில் எங்கள் வார்டு உறுப்பினர் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணைச் சொன்னால், சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொள்வார். இன்று கண்டோன்மென்ட்டுகளுக்கான ‘இ-சாவணி’ இணையதளத்தில் புகாரைப் பதிந்தால் எண் வருகிறது. அந்த எண்ணுக்காகப் போர்டு கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பவர் யார்? நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும்கூட அங்கே சிறப்பு அழைப்பாளர்கள்தான். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது.

சட்டம் படித்தவர்:
இருவரும் 2006ஆம் ஆண்டுக் கண்டோன்மென்ட் சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முழு போர்டு அமைந்தாலும் இங்கே தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் ஏழு பேர். அதே எண்ணிக்கையில் பதவி வழியாகவும் நியமனத்தாலும் வருபவர்கள் இருப்பார்கள். தலைவர் பதவி எப்போதும் படை நிலையத்தின் கட்டளை அதிகாரிக்கே. மக்கள் பிரதிநிதி எட்டக்கூடிய உயரம் துணைத் தலைவர் பதவிதான். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. ஒரு தீர்மானம் படையினரின் உடல்நலத்துக்கோ, ஒழுங்குக்கோ, பாதுகாப்புக்கோ ஊறு விளைவிக்கும் என்று தலைவர் கருதினால், ஒரு மாதம் வரை அதை நிறுத்திவைத்து மேலிடத்துக்கு அனுப்பலாம். ஆகவே தேர்தல் நடந்துவிட்டாலே மக்களாட்சி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

அதே நேரத்தில், இணைப்பு நிலத்துக்குப் பட்டா வாங்கித் தரும் என்ற நம்பிக்கையும் இங்கே பரவலாக இருக்கிறது. 2024இல் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதல்களின்படி, குடிமைப் பணிகளுக்கான சாலை, குழாய், கட்டடம் போன்ற சொத்துகள் உள்ளாட்சிக்கு இலவசமாக மாற்றப்படும். போர்டின் கடன்களும் பொறுப்புகளும் கூடவே போகும். ஆனால் பொருந்தும் இடங்களில் மத்திய அரசு தன் நில உரிமையை வைத்துக்கொள்ளும். குத்தகை நிலத்தில் வீடு உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

சந்தைக் கடைக்காரர்:
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. படை நிலத்தின் மீது போர்டு சொத்து வரி விதிக்க முடியாது. அதற்கு ஈடாக மத்திய அரசு தர வேண்டிய சேவைக் கட்டணம் பல கண்டோன்மென்ட்டுகளில் நிலுவையில் நிற்கிறது என்பது பழைய குறை. அதனால்தான் பழைய டிரங்க் சாலையில் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற வருமானங்கள் பெரிதாகின்றன. செடித் தொட்டிக்கும் பழைய தையல் இயந்திரத்துக்கும் நடுவே நான்கு அடி இடம் பிடித்துப் பிழைக்கும் எங்களுக்கு, எந்தப் பலகை மாட்டிய அலுவலகம் கட்டணம் வாங்குகிறது என்பதைவிட, இணைப்புக்குப் பிறகும் சந்தை அதே சாலையில் கூடுமா என்பதே கேள்வி. மனுவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மலையடிவாசி:
சந்தையையும் குத்தகை வீடுகளையும் மனுவில் சேர்க்கிறேன். விட்டது என் பிழை. ஆனாலும் ஹிமாச்சலத்தின் யோல் 2023 ஏப்ரலில் கண்டோன்மென்ட் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதே. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

முன்னாள் படைவீரர்:
யோல் மலையூர்; சென்னை, தாம்பரம் என இரண்டு மாநகராட்சிகளுக்கு நடுவே நெருக்கமாகக் குடியிருப்பவர்கள் நாம். தேர்தலை உடனே நடத்த வேண்டும் என்ற மனுவென்றால் முதல் கையெழுத்து என்னுடையது. இணைப்புக்குக் கையெழுத்திட மாட்டேன். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே தாளில் எழுதாதீர்கள், ஐயா. தனித்தனியாக எழுதிக்கொண்டு வாருங்கள்.