அமெலியா ஏர்ஹார்ட்டை உருவாக்கியவர் ஜார்ஜ் பட்நமா?

வான்நேசன்: அமெரிக்க விமானி அமெலியாவின் புகழில் பெரும்பங்கு அவருடைய கணவரும் பதிப்பாளருமான ஜார்ஜ் பட்நமையே சேரும் என்பது என் உறுதியான கருத்து. 1928-இல் 'ஃபிரெண்ட்ஷிப்' விமானம் அட்லாண்டிக்கைக் கடந்தபோது அதை ஓட்டியவர் வில்மர் ஸ்டல்ட்ஸ். தாம் உருளைக்கிழங்கு மூட்டையைப் போலச் சென்றதாக அமெலியாவே சொன்னார். அந்தப் பயணியை நாடறிந்த பெயராக்கியவை பட்நம் ஏற்பாடு செய்த நூலும் சொற்பொழிவுப் பயணங்களும் விளம்பரங்களும்தாம்.

மலர்விழி: ஐயா, 1922-இலேயே 14,000 அடி உயரம் பறந்து பெண்களுக்கான சாதனை படைத்தவரை வெறும் பயணி என்று சுருக்குவது நியாயமில்லை. 1931 பிப்ரவரி 7-ஆம் நாள், கனெக்டிகட்டின் நோவாங்க் ஊரில், திருமணத்தன்று காலையில் அவர் பட்நமிடம் கொடுத்த கடிதத்தைப் பாருங்கள். 'பழங்காலக் கற்புநெறியால் உங்களையும் கட்டமாட்டேன், நானும் கட்டுப்படமாட்டேன். ஓராண்டில் நமக்கு மகிழ்ச்சி கிட்டாவிட்டால் என்னைப் போக விடுங்கள்' என்று அதில் கேட்கிறார். பலமுறை மறுத்த பிறகே மணந்த பெண், தம் நிபந்தனைகளைத் தாமே எழுதிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்.

வான்நேசன்: கடிதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விமானம் வாங்கவும் எரிபொருள் நிரப்பவும் பணம் வேண்டுமே! சொற்பொழிவுக் கட்டணம் முதல் அவர் பெயரில் வந்த ஆடைகள், பயணப் பெட்டிகள் வரை வருவாய்க்கு வழிகண்ட பட்நமின் உழைப்பை ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்?

மலர்விழி: குறைக்கவில்லை, எல்லை எங்கே இருந்தது என்றுதான் காட்டுகிறேன். குழந்தைகளுக்கான மட்டமான தொப்பி ஒன்றை அமெலியாவின் பெயரில் விற்கப் பட்நம் முனைந்தபோது, அது தரமற்றது என்று அமெலியா மறுத்தார். பட்நம் அந்தத் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. 1932-இல் நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸிலிருந்து தனியாகப் புறப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து, இறக்கைகளில் பனி உறைய, உயரமானி பழுதாக, வட அயர்லாந்தின் புல்வெளியில் இறங்கியபோது எந்த விளம்பரதாரரும் உடனிருக்கவில்லை.

நூலகத்தார்: இருவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1937 ஜூலை 2-இல், உலகைச் சுற்றும் பயணத்தில், பசிபிக் கடலிலுள்ள ஹவ்லாந்து தீவை நோக்கிப் பறந்த அமெலியாவும் வழிகாட்டி ஃபிரெட் நூனனும் காணாமற்போன பின், அரசின் தேடுதல் முடிந்தும் பட்நம் தம் செலவில் தேடலைத் தொடர்ந்தார்.

வான்நேசன்: என் கட்சிக்கு அது வலுவூட்டுகிறது.

மலர்விழி: அவருடைய அன்பை நான் ஐயுறவில்லை, ஐயா. அந்தத் திருமணக் கடிதத்தை 1939-இல் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் உலகறிய அச்சிட்டவரும் பட்நம்தான். மனைவியின் புகழ் தம் படைப்பு என்று எண்ணியிருந்தால் அதை அவர் மறைத்திருப்பார்.