புதுப்பிப்பு: எங்க ஹால் இப்போ எப்படி இருக்கு

போன மாசம் "சோபா புதுசு, பெயின்ட் புதுசு, ஆனாலும் ஹால் கல்யாண மண்டப ஸ்டோர் ரூம் மாதிரி இருக்கே, என்ன பண்ணலாம்?"னு கேட்டிருந்தேன். பொருளைக் குறை, லைட்டை மாத்துன்னு நிறைய பேர் சொன்னீங்க. ரெண்டும் செஞ்சாச்சு.

பெரிய வித்தியாசம் லைட்தான். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டை அணைச்சுட்டு, மூலையில ஒரு ஸ்டாண்ட் விளக்கு. அதுல 2700 கெல்வின் பல்பு, அதாவது இளமஞ்சள் வெளிச்சம் (கெல்வின் எண் குறைஞ்சா வெளிச்சம் மஞ்சளா இருக்கும்). சுவரோட சந்தன நிறம் அன்னிக்குத்தான் கண்ணுக்கே தெரிஞ்சுது. அம்மா மட்டும் "கரன்ட் போன வீடு மாதிரி இருக்கு"ங்கறாங்க. அவங்க பேப்பர் படிக்க டியூப்லைட்டைக் கழட்டாம வெச்சிருக்கோம்.

திரைக்கம்பியை ஜன்னலுக்கு மேல 8 அங்குலம் ஏத்தி, திரையைத் தரை வரைக்கும் விட்டோம். கூரையே உயர்ந்த மாதிரி தெரியுது. ஆனா முதல் துவையல்லயே துணி 2 அங்குலம் சுருங்கிடுச்சு. பருத்தியை நனைச்சுக் காயவெச்சுத் தைக்கணும்னு டெய்லருக்கும் தோணல, எனக்கும் தோணல. கீழ் மடிப்பைப் பிரிச்சு இறக்கியாச்சு; பழைய தையல் கோடு கிட்டப் போனா தெரியும்.

ஷோகேஸ் காலி. பாட்டியோட பித்தளைக் குத்துவிளக்கு மட்டும், புளி போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன். ஒரு மூட்டை பிளாஸ்டிக் பூ இருக்கு, யாருக்காவது வேணுமா?