டேக்கிள் = ? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

உடற்கல்வி ஆசிரியை, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் ரக்பி ஆடுகிறார்கள். பாதிப் பேர் கபடியிலிருந்து வந்தவர்கள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் கொடுக்க எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதியிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதுதான் 'டேக்கிள்'. அதற்குத் தமிழ்ச் சொல் வரவேண்டிய இடம் மட்டும் காலியாக நிற்கிறது.

நண்பர் ஒருவர் 'தாக்குதல்' என்று போடச் சொன்னார். மைதானத்தில் சொல்லிப் பார்த்தேன். வைக்கோல் திணித்த கோணிச்சாக்கை ஆட்டுக்கடா மாதிரி தலை குனிந்து வந்து முட்டுகிறார்கள். நான் கற்றுக்கொடுப்பது இதற்கு நேர் எதிர். கண் திறந்திருக்கணும், முகவாய் மேலே, முதுகு நேராக. கிட்டே போகப் போகக் குட்டி அடிகள். வலத்தோளால் பிடித்தால் வலக்கால் முன்னே. கன்னம் ஓடுபவரின் பின்புறத்தில் ஒட்டணும். தலை அவருக்கு முன்னால் போய்விட்டால் அவர் முழங்கால் நம் கழுத்தில் இறங்கும். அப்புறம் இரண்டு கையாலும் சுற்றி இறுக்கி, காலால் உந்தி, தரையில் சாய்த்து, உடனே விட்டுவிட்டு எழுந்துவிடணும். இத்தனையும் தாங்குகிற ஒரு சொல் கொடுங்கள்.

புலவர் ஐயா, புதன் காலை

அம்மா, டகரம் மொழிமுதல் வாராது. ரகரமும் வாராது, அட்டையில் 'இரக்பி' என்று திருத்துங்கள். சொல்லுக்கு வருவோம். புல்லுதல் என்றால் தழுவுதல். 'கொல்லேற்றுக் கோடஞ்சு வானை மறுமையும் புல்லாளே ஆய மகள்' என்பது கலித்தொகை. ஏறு தழுவிய மரபுக்கு இரவல் சொல் எதற்கு? டேக்கிள் புல்லல், செய்பவர் புல்லுநர், பயிற்சிச் சாக்கு புல்லுமூட்டை.

சென்னை மொழிபெயர்ப்பாளர்

> புல்லல், புல்லுநர்

ஐயா, அந்த அடியில் புல்லுவது ஆயமகள். புல்லப்படாமல் போவது கொம்புக்கு அஞ்சியவன். காளை அங்கே புல்லப்படவே இல்லை. அதோடு 'புல்லுமூட்டை' என்று அச்சடித்தால் பெற்றோர் மாட்டுத் தீவனம் என்று நினைப்பார்கள்.

'தழுவல்' நல்ல சொல்தான், ஆனால் இன்று அது படத்துக்கும் கதைக்கும் போய்விட்டது. என் வாக்கு 'வீழ்பிடி'.

புலவர் ஐயா

வீழ்பிடி வினைத்தொகை. வீழ்ந்த பிடி, வீழ்கின்ற பிடி, வீழும் பிடி. முக்காலத்திலும் விழுவது பெண்யானைதான்.

பெங்களூர் பொறியாளர்

யானை என்றதும் நினைவு வந்தது. கல்கத்தாவில் இருந்த ரக்பிக் கழகம் கலைந்தபோது வங்கிக் கணக்கில் கிடந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கிக் கோப்பை ஒன்று செய்தார்கள். மூடியில் யானை, கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அதற்காகத்தான் மோதுகின்றன.

இன்னொன்று. டேக்கிள் என்பதே நம் 'தாக்கு' சொல்லிலிருந்து போனதாக இருக்கக் கூடாதா?

சென்னை மொழிபெயர்ப்பாளர்

கூடாது. அது வட ஜெர்மானியக் கடலோர மொழியில் கப்பல் கயிறு, கப்பிச் சாமான்களுக்குப் பெயர். வேண்டுமானால் 'ஆலாத்து' என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் மாலுமிகள் வடக்கயிற்றைச் சொல்லும் சொல். 'தாக்கு' எந்த வழியில் வந்தாலும் இங்கே ஆகாது. பந்து வைத்திருக்கும் அணிதான் தாக்கும் அணி. டேக்கிள் செய்வது தடுக்கும் அணி. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் பிள்ளை எதைப் பிடிக்கும்?

மட்டுறுத்துநர்

யானை, கப்பல் இரண்டையும் கட்டிவைத்துவிட்டுக் கையேட்டுக்கு வாருங்கள். நாளை வியாழன்.

கொழும்பிலிருந்து ஒருவர்

எங்கட பத்திரிகைகளில் 'றக்பி'. கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் 1945 இலிருந்து பிராட்பி கேடயத்துக்கு ஆட்டம் நடக்குது. பார்க்க வாற தமிழ்ச் சனம் 'டேக்கிள்' என்றுதான் கத்துது. நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வேற ஊரில் ஆடினால் நடுவர் 'புல்லல்' என்று சொல்லுவாரோ? அப்பிடியே விடுங்கோ.

முன்னாள் கபடி ஆட்டக்காரர்

எதற்கு இவ்வளவு? 'பிடி' போதும். கால்பிடி, தொடைப்பிடி என்று பிள்ளைகள் வாயில் இருக்கிறதே.

உடற்கல்வி ஆசிரியை, வியாழன்

அண்ணா, பிடி எனக்கும் பிடிக்கும். சிக்கல் இரண்டு. ஓடுபவரைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தால்தான் டேக்கிள். நின்றபடியே பிடித்திருக்க, அவர் அணியில் ஒருவரும் வந்து பற்றிக்கொண்டால் அது வேறு, அதற்குத் தனி விதி. இன்னொன்று, கபடிப் பிள்ளைகள் தோளால் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளிப் பழகியவர்கள். இங்கே கை சுற்றாமல் இடித்தால் தவறு. உயரமும் கவனிக்கணும்: தோளுக்கு மேல் கூடவே கூடாது. இங்கிலாந்தில் 2023 முதல் கழக, பள்ளி ஆட்டங்களில் நெஞ்சுக்குழிக்குக் கீழேதான் பிடிக்கலாம். அதனால் சொல்லுக்குள் கை இருக்கணும், தரையும் இருந்தால் நல்லது.

'தழுவு' என்று நேற்றுச் சொல்லிப் பார்த்தேன். பத்து நிமிடம் சிரிப்பு. "மிஸ் கட்டிப்பிடிக்கச் சொல்றாங்க" என்று ஒன்பதாம் வகுப்பு முழுக்கச் செய்தி போய்விட்டது.

வலுவுக்கு என்ன என்று தனிமடலில் கேட்டவருக்கு: தண்டால், பஸ்கி, கரடிநடை. கழுத்துக்கு, இன்னொரு பிள்ளை நெற்றியில் உள்ளங்கையை வைக்க, தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளுவது; நாலு பக்கமும். இது இல்லாமல் யாரையும் மூட்டைப் பக்கம் விடுவதில்லை. முதல் வாரம் முழுக்க முழங்காலில் நின்றபடி, பிறகு நடந்து, ஓட்டம் கடைசியில்தான்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்

அப்படியானால் 'மடக்குப்பிடி'. வளைத்துப் பிடிப்பதும் அடக்குவதும் இருக்கிறது. தரை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

புலவர் ஐயா

மடக்கு என்பது யமகம், வந்த சொல்லே மறுபடி வந்து வேறு பொருள் தரும் அணி. அணியிலக்கணம் படிக்கிற பிள்ளை குழம்பும்.

முன்னாள் கபடி ஆட்டக்காரர்

எட்டாம் வகுப்பில் யமகம் எங்கே ஐயா இருக்கிறது?

உடற்கல்வி ஆசிரியை, வெள்ளி மாலை

மடக்குப்பிடி 4, டேக்கிள் 3, பிடி 2, புல்லல் 1. அட்டையிலும் முதல் பக்கத்திலும் 'மடக்குப்பிடி', உள்ளே சுருக்கமாகப் 'பிடி'. 'ரக்பி'யை மாற்றவில்லை, புலவர் ஐயா மன்னிக்கணும். அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்.

கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் மைதானத்தில் பயிற்சி. பந்தோடு ஒருத்தி ஓடுகிறாள். ஓரத்திலிருந்து ஒரு வாண்டு கத்துகிறது: "மூட்டை கட்டுடீ! மூட்டை கட்டு!" துரத்தியவள் குனிந்து, தலையைப் பின்பக்கம் வைத்து, இரண்டு கையாலும் சுற்றி, இருவரும் தரையில். எத்தனை நாளாக அப்படிச் சொல்கிறார்களோ, எனக்கு இன்றுதான் காதில் விழுந்தது.

சென்னை மொழிபெயர்ப்பாளர்

அச்சகத்துக்குப் போன் போட முடியுமா?

உடற்கல்வி ஆசிரியை

பூட்டிவிட்டார்கள்.

புலவர் ஐயா, சனி காலை

மூட்டை கட்டு கொச்சை. என் வாக்கு புல்லலுக்கே.