நாளுக்கு 20 வெள்ளி: இது சம்பளமா, தர்மமா?

தோட்டத்து மகள்:
கெடா, பாடாங் செராய் ஆளுங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. என் தம்பிக்கு 20 வயசு. ஓகேயூ (மாற்றுத்திறனாளி) கார்டு இருக்கு, கற்றல் குறைபாடுன்னு பதிஞ்சிருக்கு. இடைநிலைப்பள்ளியில சிறப்புக் கல்வி வகுப்பு முடிச்சிட்டு இப்ப டவுன்ல ஒரு சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவுறான், மேசை துடைக்கிறான். காலையில ஏழு மணிக்குப் போனா சாயங்காலம் நாலு. கையில 20 வெள்ளி (ரிங்கிட்). அவன் பக்கத்துல நின்னு அதே வேலை செய்ற அக்காவுக்கு முழுச் சம்பளம். கேட்டா, "நாங்க அவன பாத்துக்கிறோம்ல"ங்கிறாங்க. அம்மாவும் வீட்ல சும்மா கிடக்கிறதுக்கு இது தேவலைங்கிறாங்க. எனக்கு மனசு ஆறல.

லூனாஸ் கடைக்காரன்:
தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. நானும் கடை வச்சிருக்கேன். இப்ப குறைஞ்சபட்சச் சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. நாலு பேர வச்சுக் கடை நடத்துறவனுக்கு ஒரு ஆள் பாதி வேலை செஞ்சா, மீதிப் பாதி இன்னொரு ஆள் தலையில விழும். உங்க தம்பி மாதிரி ஒரு பையன நானும் வச்சிருந்தேன், முழுச் சம்பளம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நம்ம கெடாவுல லீவு, சைவச் சாப்பாட்டுக்குக் கூட்டம் முட்டும். பன்னெண்டரைக்கு அந்தப் பையன் காத இரண்டு கையாலயும் பொத்திக்கிட்டு சிங்க்குக்குக் கீழ உக்காந்துட்டான். பாவமா இருந்துச்சு. மூணாவது மாசம் வீட்டுக்கு அனுப்பிட்டேன். முழுச் சம்பளம்தான்னு நீங்க அடம் பிடிச்சா, 20 வெள்ளிக்குத் திறக்கிற கதவும் மூடிக்கும்.

தோட்டத்து மகள்:
அண்ணே, 2008-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685-வது சட்டம், 29-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. சம மதிப்புள்ள வேலைக்குச் சம சம்பளம்னு இருக்கு. சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரம் நின்னு கழுவுறதுக்கு மணிக்கு இரண்டரை வெள்ளிதான் மதிப்பா?

லூனாஸ் கடைக்காரன்:
"சம மதிப்புள்ள வேலை"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதத்தான் நானும் சொல்றேன். அந்தச் சட்டத்துல மீறுனவனுக்குத் தண்டனைன்னு ஒரு வரி கிடையாது. அத நம்பி யார் கடையிலயும் போய் நிக்க முடியாது.

பிடிகே டீச்சர்:
தண்டனை இல்லைங்கிறது உண்மைதான் அண்ணே, எங்களுக்கும் அதுதான் வருத்தம். ஆனா குறைஞ்சபட்சச் சம்பள உத்தரவுல ஓகேயூவுக்குன்னு தனிக் கணக்கு கிடையாது. அத மீறினா அபராதம் உண்டு. மணிக் கணக்குன்னா எட்டு வெள்ளிக்கு மேல.

உங்க கடையில நடந்ததுக்கு வர்றேன். அந்தப் பையனால கழுவ முடியலையா, சத்தம் தாங்க முடியலையா? இரண்டும் வேற வேற. எங்க பிடிகேவுக்கு, அதாவது ஓகேயூவுக்கான சமூக மறுவாழ்வு மையத்துக்கு, வர்ற பையன் ஒருத்தனும் அப்படித்தான். ஒரு சாப்பாட்டுக் கடையில சேர்த்துவிட்டப்ப, முதல் மூணு வாரம் நானே பக்கத்துல நின்னேன். ஜாப் கோச்சுன்னு சொல்ற முறை, ஜப்பான்காரங்க உதவியோட இந்த நாட்டுக்கு வந்தது. குழாய்க்கு மேல அஞ்சு போட்டோ ஒட்டினேன்: மிச்சத்தத் தட்டு, சோப்பு, அலசு, கவிழ்த்து வை, கை துடை. "சீக்கிரம் செய்"னு சொன்னா அவனுக்குப் புரியாது. "இந்த ரேக் நிறைஞ்சதும் கூப்பிடு"ன்னு சொன்னா ஒரு கிளாஸ் குறையாம அடுக்கிட்டுக் கூப்பிடுவான். வேலை நேரம் ஏழுல இருந்து பதினொன்னு. கூட்டம் வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவான். நாலு மணி நேரத்துக்கு 32 வெள்ளிக்கு மேல. அந்தக் கடைத் தவுக்கே (முதலாளி) இதத் தர்மமா நினைக்கல, காலையில அவருக்குக் கிளாஸ் தட்டுப்பாடு தீர்ந்துச்சு.

தங்கச்சி, தம்பிக்கு எலாவுன் பெகெர்ஜா ஓகேயூ மனு போட்டாச்சா? வேலை செய்ற, சம்பளம் குறைவா உள்ள ஓகேயூவுக்கு மாசம் 450 வெள்ளி. சமூகநல இலாகாவுல கேளுங்க. சம்பளத்தக் கணக்குல காட்டாத முதலாளிகிட்ட வேலை செஞ்சா அந்த மனுவுக்கே வழியில்லாமப் போயிடும், அதையும் அம்மாகிட்ட சொல்லுங்க. முதலாளிக்கும் இதுல லாபம் உண்டு. ஓகேயூவுக்குக் கொடுக்கிற சம்பளத்த வருமான வரியில இரண்டு மடங்கா கழிக்கலாம்.

மணியம் மாமா:
நீங்க எல்லாரும் சம்பளத்தப் பத்தியே பேசுறீங்க. என் மக டவுன் சிண்ட்ரோம், 31 வயசு. தமிழ்ப்பள்ளியில முதலாம் ஆண்டுலயே "வீட்ல வச்சுக்குங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அந்தக் காலம் அப்படி. தோட்டத்துல இருந்தவரைக்கும் கவலை இல்ல. காலையில நான் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்) போக, அவ தூக்குவாளியில தேத்தண்ணி கொண்டாந்து குடுத்துட்டுப் போவா. லயத்துல எல்லாருக்கும் அவளத் தெரியும். தோட்டத்த வித்து, டாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்து ஆறு மாசத்துல, கடை வாசல்ல எவனோ பேச்சுக் குடுத்துக் காதுக் கம்மலக் கழட்டிட்டுப் போயிட்டான். அன்னிலேர்ந்து அவள வெளிய விடல. விடவும் மாட்டேன்.

தோட்டத்து மகள்:
மாமா, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன். தினமும் பெரட்டு நேரம் தப்பாம, தேத்தண்ணி சிந்தாமக் கொண்டாந்து குடுத்தாளே, அது வேலைதான். அவளுக்குச் செய்யத் தெரியும். டாமானுக்கு வந்த பிறகு அவ கையில இருந்த வேலையையும் சேர்த்து வாங்கிட்டோம்.

மணியம் மாமா:
நீ சொல்றது புரியுதும்மா. பயம் விடமாட்டேங்குது.

பிடிகே டீச்சர்:
பயத்தோடயே வாங்க ஐயா. ஊரை விட்டு எங்கயோ ஒரு இல்லத்துல கொண்டுபோய் விடாம, வீட்டுப் பக்கத்துலயே பழக்கணும்னுதான் 1984-ல திரெங்கானு பத்து ராக்கிட்ல முதல் பிடிகே தொடங்கினாங்க. முதல் வாரம் நீங்களும் கூடவே உக்காரலாம். யார்கிட்ட பேசலாம், நகைய யாராச்சும் கேட்டா என்ன செய்யணும், அதையும் தினமும் நடிச்சுக் காட்டிப் பழக்குவோம்.

லூனாஸ் கடைக்காரன்:
டீச்சர், ஏழுல இருந்து பதினொன்னுன்னா எனக்கும் ஆள் தேவைதான். ஆனா பழகுற முதல் மாசத்துக்கும் அதே மணிச் சம்பளமா? அது எனக்கு இன்னும் ஒத்து வரல.

பிடிகே டீச்சர்:
அதேதான் அண்ணே. புதுசா யார் வந்தாலும் முதல் மாசம் பழகத்தானே செய்றாங்க, அவங்களுக்குக் குறைச்சா கொடுக்கிறீங்க? அந்த மாசம் பக்கத்துல நிக்க நான் வர்றேன்.

லூனாஸ் கடைக்காரன்:
அந்த அஞ்சு போட்டோவ இங்க போடுங்க, பார்க்கிறேன்.

மணியம் மாமா:
டீச்சர், பிடிகே காலையில எத்தன மணிக்குத் திறக்கும்?